குதிரையின் பின்பாதி

மானின் வாயிலிருந்து தன் நெற்றியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் தவராசா. மான் விடவில்லை. நெற்றியை மென்று முடித்து, மூக்கையும் உள்ளே எடுத்தது.

“விடுங்க அண்ணன். இனி அத எடுத்து என்ன செய்யப் போறீங்க?” என்றாள் கலை மன்றச் செயலாளர் நஸ்ரியா.

கோட்டை வாசலுக்கு அருகே பலகைத் தட்டி அடித்து, ஊர்க் கலைஞர்களின் படங்களை மன்றம் ஒட்டியிருந்தது. தவில்காரர், பைலா பாடகர், வில்லுப்பாட்டுக்காரி என்று பலர். நாலு மணிக்குத் திறப்பு விழா.

தவராசா துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிறவர். மன்றத்தின் சரித்திர நாடகங்களில் குதிரையின் பின்பாதி. முன்பாதி இராசதுரை. முன்பாதிக்குத் தலை உண்டு. அது கனைக்கும். திரை விழுமுன் தலையைக் கழற்றி வணங்கும். பின்பாதி துணிக்குள் குனிந்து, முன்னவரின் இடுப்பைப் பிடித்தபடி நடக்கும். அரசர் ஏறி உட்காருவது அதன் முதுகில்தான். துணியிலிருந்து அது வெளியே வருவதற்குள் சனம் பஸ்ஸுக்குப் போய்விடும். தவராசாவின் முழங்காலைக் காட்டினால் ரசிகர்கள் சிலர் பெயர் சொல்லக்கூடும். முகத்தை ஒருவரும் கண்டதில்லை.

குதிரையின் பின்னங்காலைக் கலைஞராக எடுக்கலாமா என்று மன்றம் நீண்ட நேரம் கதைத்தது. “ஒரு ராசாவும் விழல்லயே” என்றாள் நஸ்ரியா. எடுத்தார்கள். அதற்குள் மற்றவர்களை ஒட்டி முடித்து, கம்மும் தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த இடம் கீழ்வரிசைதான். நஸ்ரியா கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். பழுதாகாமல் இருக்க ஒரு பிடி உப்பும் போட்டாள். கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு உப்பென்றால் உயிர்.

மான் தின்றது போக, தட்டியில் தவராசாவின் கழுத்தும் சட்டையும் பெயரும் மிஞ்சின. போயா நாள், பௌர்ணமி விடுமுறை. வேறு படம் அடிக்க அச்சுக்கடையும் பூட்டு.

“அக்கா கிளிவெட்டியில பஸ் ஏறிட்டா. என்ர முகத்தப் பாக்கவெண்டு புதுச் சீலை உடுத்திக்கொண்டு வாறா” என்றார் தவராசா.

இராசதுரை வந்து பார்த்தார். அவர் மேல்வரிசையில் பத்திரமாக இருந்தார்.

“விசயம் தெரிஞ்ச மான். குதிரைக்குத் தலை நான்தானே.”

“வாயப் பொத்தடா.”

“கோவிக்காத மச்சான். கழுத்து தட்டியில இருக்கு. தலை உன்னட்ட இருக்கு. பிறகென்ன?”

இராசதுரை பலகை அறுக்கும் கைவாள் கொண்டுவந்து, முகம் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை அறுத்தார். தவராசா தட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து தலையை நுழைத்தார். குனிந்து நிற்பது அவருக்குப் பழக்கம்.

நாலு மணிக்குச் சிறப்பு விருந்தினர் ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தார். தவராசாவின் முன்னால் நின்றார். “இதுதான் திறம். உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு.”

தவராசா கண் இமைக்கவில்லை. மான் திரும்பி வந்தது. கழுத்தைச் சுற்றி மிஞ்சிய பசையை நக்கியது. பிறகு கன்னத்தை நக்கியது. தவராசா தும்மினார். விருந்தினர் பின்னால் பாய்ந்து தவில்காரரின் படத்தோடு மோதினார்.

பிறகு கூட்டம் கைதட்டத் தொடங்கி, நிறுத்தவில்லை. தவராசா வணங்கப் பார்த்தார். கைகள் தட்டிக்குப் பின்னால் இருந்தன.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சீலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். “என்ர தம்பி” என்றாள் விருந்தினரிடம். “நேர பாத்தா இதவிட வடிவு.”

மறுநாள் தவராசா ஆறு மணிக்கு வேலைக்குப் போனார். சீமெந்துக் கப்பல் ஒன்று வந்தது. கயிறு கட்டினார். அக்கா காலை பஸ்ஸில் கிளிவெட்டிக்குத் திரும்பினாள். பின்னேரம் சந்தையில் மீன்காரர் தவராசாவை உற்றுப் பார்த்து, “மான் நக்கின ஆள்தானே நீங்க?” என்று கேட்டார். “ஓம்” என்றார் தவராசா. ஒரு கிலோ சூடை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.