ஷெட்டுமேட்டுச் சோதனை

இசக்கியம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சுற்றுலாக் கம்பெனி மேனேஜர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவள் வேலை பார்த்த தீவுக்குப் படகு ஓட்டியவன் நான். நடந்ததை எட்டடி தூரத்தில் நின்று பார்த்தவன். பைத்தியம் யாருக்கு என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஊட்டிக்கு மேற்கே அணைத் தண்ணீருக்கு நடுவில் நிற்கிற அந்தத் திட்டு, முன்பு தீவே கிடையாது. ஷெட்டுமேடு என்ற குன்று. வெள்ளைக்காரன் காலத்தில், எஸ்டேட் வேலைக்குக் கீழேயிருந்து வருகிற சனங்களோடு பிளேக் நோயும் மலையேறிவிடும் என்று பயந்து, அவர்களை அங்கே தகரக் கொட்டகையில் அடைத்துவைத்துப் பார்த்த பிறகுதான் மேலே விடுவார்கள். செத்தவர்களைச் சரிவிலேயே புதைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அணை கட்டினார்கள். சுற்றியிருந்த பள்ளத்தில் தண்ணீர் ஏறியது. குன்று தீவாகிவிட்டது, கொட்டகை மட்டும் துருப்பிடித்தபடி நின்றது.

இசக்கியம்மாவின் அம்மா ராக்கம்மா, கல்யாணமான புதிதில் புருஷனோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து அந்தக் கொட்டகையில் கிடந்தவள். மகள் பிறந்தது, வளர்ந்தது, கொழுந்து பறித்தது எல்லாம் மலையில்தான். இசக்கியக்காவுக்கு வாய் அதிகம். எடை போடும்போது மேஸ்திரி தராசில் விளையாடினால், கூடையை அவர் காலடியிலேயே கவிழ்த்துவிட்டு, "நீங்களே பொறுக்கிக்குங்க" என்று நடையைக் கட்டுவாள். புருஷன் போன பிறகும் யாரிடமும் கையேந்தாமல் ஒரு மகளைப் படிக்க வைத்துக் குன்னூரில் கட்டிக்கொடுத்தாள்.

ராக்கம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது இசக்கியக்காவுக்கு இருபது வயது இருக்கும். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். "டாக்டருட்ட ஒரு மட்டம் காட்டுனது போதும்ட்டி" என்றாளாம் அம்மா. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். ஷெட்டுமேட்டில் பெண்களை வெட்டவெளியில் வரிசையாக நிறுத்தி, ரவிக்கையைக் கழற்றிக் கையைத் தூக்கச் சொல்லி, பிளேக் நெறி கட்டியிருக்கிறதா என்று ஆண் டாக்டர் அக்குளிலும் தொடையிடுக்கிலும் தடவிப் பார்த்திருக்கிறான். புருஷன்மார்களை எதிரிலேயே நிற்க வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த டாக்டர் முன்னும் போகமாட்டேன் என்றிருந்த ராக்கம்மா, கட்டி புண்ணாகி, நாறி, போர்வைக்குள்ளேயே செத்துப்போனாள். பிளேக் அவளைத் தொடவில்லை. அந்தச் சோதனைதான் அவளைக் கொன்றது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு சுற்றுலாக் கம்பெனி அந்தத் தீவைக் குத்தகைக்கு எடுத்தது. 'பிளேக் கேம்ப் அனுபவம்' என்று பலகை வைத்தார்கள். வருகிறவர்களின் கழுத்தில் நம்பர் தகடு மாட்டுவார்கள். தேயிலைக்கு மருந்தடிக்கிற பம்பில் பன்னீரை நிரப்பித் தெளிப்பார்கள். பிறகு காக்கிக் கோட்டு போட்ட ஒரு பெண் நாக்கை நீட்டச் சொல்லி, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டி, 'பாஸ்' என்று புறங்கையில் முத்திரை குத்துவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்புறம் பிரியாணி. புதைகுழிச் சரிவில் ஊஞ்சல் வேறு. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவர்கள் எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலையும் பொட்டலம் கட்டி விற்றார்கள்.

எஸ்டேட்டில் ரிட்டையரான இசக்கியக்கா அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு வந்தாள். முதல் நாளே அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் போனாள்.

"சார், மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்க. அந்தச் சோதனைய மட்டும் விட்டுருங்க. என்ற அம்மா இங்க பட்டது அது."

"உங்கம்மா இங்க இருந்தாங்களா?" மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "அடடா, ஒரிஜினல் ஃபேமிலி! நீங்களே கிழிஞ்ச சேலை கட்டிக்கிட்டு ஷெட்ல உக்காந்து கதை சொல்லுங்கம்மா. சோதனைய எப்படி விடறது? அதுதானே நம்ம அய்ட்டமே!"

அக்கா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அந்த ஆளைத் தண்ணீரில் தள்ளினால் என்ன என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து ஏதோ கிளப்பைச் சேர்ந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். காக்கிக் கோட்டுப் பெண் லீவு. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நான் போட்டுக்கறேனுங்க" என்று அக்கா கோட்டை வாங்கிக்கொண்டாள். இவளுமா என்று நினைத்தேன்.

"அம்மணிகளா, இப்பிடி வரிசையா நில்லுங்க. ஆம்பளைங்க அல்லாரும் எதுத்தாப்புல நில்லுங்க. ஆரும் நகரக் கூடாது."

சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஒருவர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"இப்ப ரவிக்கையக் கழட்டுங்க."

சிரிப்பு இன்னும் பெரிதானது. அக்கா சிரிக்கவில்லை.

"விளையாட்டு இல்லீங்க. கழட்டிப்போட்டுக் கையத் தூக்குங்க. டாக்டர் தொரை தடவிப் பாக்கோணும். ஊட்டுக்காரர் பாத்துட்டுத்தான் நிப்பாரு."

சிரிப்பு நின்றது. முன்னால் நின்ற பெண் முந்தானையை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். கேமராக்காரர் பாய்ந்து வந்தார். "யாரைப் பார்த்து என்ன பேசற? திமிரா?"

"கோவம் வருதுங்களா? என்ற அப்பனுக்கும் வந்துச்சாமுங்க. வாயத் தொறந்ததுக்குப் பெரம்பால அடிச்சாங்களாம். உங்கள ஆரும் அடிக்கமாட்டாங்க, பேசுங்க."

அவர் ஓரடி பின்னால் போனார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

மேனேஜர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "பொம்பளைங்கள இப்படியா நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்துவ!"

"அவமானமுங்களா?" அக்கா கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "நீங்க இத அய்ட்டமின்னு சொன்னீங்க."

அந்த நிமிடமே வேலை போனது. அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு நான் மோட்டாரைக் கிளப்பினேன். தீவுக் கரையில் மேனேஜர் அந்தப் பெண்கள் ஒவ்வொருவர் முன்பும் போய், இடுப்பு வளையக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பண்றாரு அந்தாளு?" என்றாள் அக்கா. தூரத்தில் இருப்பது அவளுக்குச் சரியாகத் தெரியாது.

"மன்னிப்புக் கேக்கறாருக்கா. அந்தம்மாக்கள்ட்ட."

அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள்.

"நான் அவுங்களத் தொடக்கூட இல்லையே, தம்பி" என்றாள்.