அண்ணிக்குக் கால் வலிக்கவில்லை

எங்கள் அண்ணி அழகம்மாளுக்கு நான் செய்த கெடுதல் ஒன்று உண்டு. அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

கொடைக்கானல் மலையில் கூக்கால் எங்கள் ஊர்; பூண்டு வெள்ளாமை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணியின் மகன் செந்தில்வேல் மஞ்சள் காமாலையில் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தான். அப்போது கறி, முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் பழனி முருகனுக்கென்று விட்டுவிட்டார் அண்ணி. பால் என்றால் உயிரை விடுகிறவர் அவர். பையன் பிழைத்தான். அன்றிலிருந்து கடுங்காப்பிதான். நேர்ந்துகொண்டதை மகனிடம் சொல்லவே இல்லை. "பால் ஒத்துக்கலைடா" என்றதோடு சரி.

வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு மலையிறங்கிப் பழனிக்கு நடப்போம். ஆறாவது வருஷம் நாங்கள் எல்லாம் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு வர, அண்ணி மட்டும் சரளைக்கல்லில் சாதாரணமாக நடந்தார்.

"வலியே தெரியல வள்ளி. பஞ்சு மேல நடக்கிற மாதிரி கெடக்கு" என்றார் என்னிடம்.

முருகன் அவர் காலைத் தாங்குகிறான் என்றது கூட்டம். வழியெல்லாம் பெண்கள் காலில் விழுந்தார்கள். முதலில் விழுந்தவள் நான்தான்.

பிறகு செருப்பு கழன்றது தெரியாமலே நடந்தார். இருட்டில் தள்ளாடினார். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, காரம் பட்டால் எரிந்தது. ஐம்பது வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நானே தேற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மார்கழியில் ஒருநாள் காலையில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்தபடி பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். ஏதோ கருகும் நாற்றம் வந்தது. பார்த்தால் அண்ணியின் குதிகால் தணலில் இருக்கிறது. அவர் என்னவோ என்னைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். நான்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

கொடைக்கானலில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை. பி12 என்ற விட்டமின்தான் உடம்பில் அடியோடு வற்றிப் போயிருந்தது. கறி, முட்டை, பாலில் கிடைப்பதாம் அது. இல்லாமல் போனால் நரம்பு பட்டுப்போகுமாம்.

"ரெண்டு வருஷம் முந்தி வந்திருந்தா நல்லா திருப்பியிருக்கலாம்மா. இனி மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும். ஊசி நிக்கக் கூடாது. பாலும் முட்டையும் சேத்துக்கங்க" என்றார்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஊசி மருந்து பால்ல செஞ்சதுங்களா?"

இல்லை என்றதும் கையை நீட்டினார்.

சித்திரை மழையில் சாலை சரிந்து பஸ் நின்றுபோனது. ஊசி தவறியது. ஒரு காலையில் அண்ணி வாசற்படியிலேயே விழுந்துவிட்டார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்பது வருஷத்து நேர்த்திக்கடனைச் செந்தில்வேலிடம் போட்டு உடைத்துவிட்டேன். அவன் பாலைக் காய்ச்சி, டம்ளரோடு வந்து அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகத்தானம்மா விட்ட? நான்தான் நல்லா இருக்கேன்ல. ஒனக்குக் கால் போயிரும்மா. குடி."

அண்ணி டம்ளரை அவன் பக்கமே நகர்த்தினார்.

"நீ நல்லா இருக்கேல்ல. அதனாலதாண்டா குடிக்க மாட்டேங்கிறேன்."