பெயரில்லாத படங்கள்

இன்று காலை அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அப்டேட் ஆகித் திரையே மாறியிருந்தது. இடது மூலைப் பட்டன் நடுவுக்கு வந்திருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

என் சிறுவயதில் அம்மா கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். மருந்து இருப்பைப் பார்க்க அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பழைய திரை அழுக்குச் சாம்பல் நிறம். ஆனால் அழுத்த வேண்டிய ஒவ்வொரு படத்தின் கீழும் பெரிதாகப் பெயர் இருக்கும். ஒருநாள் அதை மாற்றிவிட்டார்கள். புதியது கண்ணாடிபோல் நீலமாக, அழகாக இருந்தது. படங்கள் சிறியவை, பெயரே இல்லை.

அன்று சாயங்காலமே கல்வராயன் மலைக்காரர் ஒருவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பாம்புக்கடி.

"அக்கா, வெஷமுறிவு மருந்து இருக்குதா?" நர்ஸ் கத்தினாள்.

அம்மா ஒவ்வொரு படமாக அழுத்தினாள். என்னென்னவோ திறந்தன. "ஸ்டாக்கு எங்க போச்சின்னே தெரியலயே!" அந்தப் பெண்ணின் இமைகள் சரிந்துகொண்டே வந்தன. நான் அம்மாவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று அம்மா என்னை உதறி எழுந்து, ஸ்டோர் ரூமுக்கு ஓடி, ஃபிரிட்ஜிலிருந்து மருந்தை அள்ளி வந்தாள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது கச்சிராயபாளையம் பஸ்ஸில் அம்மாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"அதான் பொழச்சிக்கினாங்களே, இன்னும் இன்னாத்துக்கும்மா நடுங்குற?"

"ஃபிரிட்ஜு பத்தடி தூரத்துலதான்டி இருந்திச்சி. எழுந்துபோயிப் பாக்கலாம்னே தோணல. அந்தத் திரையவே பாத்துக்கினு உக்காந்துட்டேனே."

இன்றைய திரையும் பழையதைவிட அழகுதான். நான் இன்னும் எதையும் அழுத்தவில்லை.