ரோசக்கா நட்ட பூண்டு

செடி விற்கிறவனுக்கு இரண்டு வேலை: காலையில் செடியை விற்பது, சாயங்காலம் அது செத்ததற்குத் திட்டு வாங்குவது. கேரள எல்லையில் காரோடு என்ற ஊரில் நாற்றுக்கடை வைத்திருக்கிறேன். இதே பிழைப்பில் கிடக்கிற நீங்களும் தலையாட்டுவீர்கள்.

குளிரில் வைத்த விதை

பொழியூர் ரோசக்கா மீன் விற்பவர். துலா மழை என்கிற ஐப்பசி மழை விடும் சமயம் வந்து விதைப்பூண்டு கேட்டார். மகள் செல்விக்குச் சித்திரையில் தலைப்பிரசவம். கடைப்பூண்டில் என்னத்தைத் தெளித்திருக்கிறார்களோ என்று பயம். பெற்றவளுக்குக் கொடுக்கிற பேறுகால மருந்துக்கு வீட்டில் விளைந்ததுதான் வேண்டுமாம்.

நம் பக்கத்துச் சூட்டில் பூண்டு லேசில் திரளாது. நடுவதற்கு முன் மூன்று வாரம் குளிரில் வையுங்கள் என்றேன். பிரிட்ஜ் என்று சொல்லவில்லை, என் தப்புதான். அக்கா வைத்தது மீன் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில், சாளை மீனுக்கு அடியில். கூழாகிப்போன பூண்டை என் மேசையில் கொட்டிவிட்டுச் சொன்னார்: "குளிருன்னுதானே மக்கா சொன்ன, எங்க வீட்டுல இதைவிடக் குளிரு எங்க உண்டு?"

மீன் தண்ணீர்

என் வீட்டு பிரிட்ஜில் வைத்திருந்த விதையைக் கொடுத்தேன். தோலை உரிக்காமல், கூர்முனை மேலே தெரிய, இரண்டு விரல் ஆழத்தில், மணல் கலந்த மண்ணில் நட்டார். செடி வளர்க்கிற பத்து குரோ பேக்கிலும் முளை வந்தது. அப்புறம் தினமும் மீன் கழுவின தண்ணீரை ஊற்றியிருக்கிறார். கறிவேப்பிலைக்கு அது சரி. பூண்டுக்கு வேர் அழுகிவிடும். ஆறு பேக் போயே போய்விட்டது.

மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் நல்ல தண்ணீர், நாலு மாதம் முடிந்து இலை பழுக்கும்வரை கை வைக்கவே கூடாது என்று சத்தம் போட்டேன். அக்கா கோபிக்கவில்லை. மீதி நாலு பேக்கைக் காப்பாற்றிவிடலாமா என்று கேட்டார். பாடுபட்டால் ஒரு பிடி தேறும் என்றேன். "ஒரு பிடி மதி மக்கா, அது போதும், மருந்து அவ ஒருத்திக்குத்தானே."

பிஞ்சில் பிடுங்கியது

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் அக்கா வந்து துணிப்பையைத் திறந்தார். உள்ளே நாலு பேக் பூண்டும் வேரும் மண்ணுமாகக் கிடந்தது. ஒன்றிலும் பல் பிரியவில்லை, அடியில் சின்ன வெங்காய அளவுக்கு ஒற்றை உருண்டை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு மாதம் பொறுக்க முடியாதவருக்குப் பூண்டு எதற்கு என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன்.

அக்கா நான் பேசி முடிக்கும்வரை நின்றார். இந்தப் பிஞ்சு மருந்துக்கு ஆகுமா என்று கேட்கத்தான் வந்தாராம். செல்விக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டதாம். முந்தாநாள் பெண் குழந்தை பிறந்து, அன்றைக்கே இறந்துவிட்டதாம்.

ஆகும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அக்கா பூண்டை ஒவ்வொன்றாக மண் தட்டித் திரும்பப் பைக்குள் வைத்தார். "பிள்ளை போனாலும் அவ பெத்தவளாக்கும் மக்கா, மருந்து குடுக்கண்டாமா?"

பூண்டை எப்போது பிடுங்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இப்போதும் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏன் முன்னாலேயே பிடுங்கினீர்கள் என்று கேட்பதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.