சுகுமாறனுக்கும் சேர்த்து

மலேசியாவின் பாசிர் கூடாங் ரசாயன ஆலையில் கனகராஜைப் போல ஷிப்ட் மாற்றிக்கொடுக்கிற ஆள் கிடைக்காது. யார் வீட்டில் காதுகுத்து, யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், "நீ போ லா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாக நல்ல பெயர். அந்த நல்ல பெயர்தான் நாற்பத்தாறாவது வயதில் அவரை மாட்டிவிட்டது.

வார இறுதியில் நடக்கும் பல்கலைக்கழகப் படிப்பொன்றில் அவரும், அதே ஆலையில் வேலை செய்யும் நண்பர் சுகுமாறனும் சேர்ந்திருந்தார்கள். கடைசிப் பாடம்தான் பாக்கி. தேறினால் பட்டம், பாதுகாப்பு அதிகாரி வேலை. மூடிய ரசாயனத் தொட்டிக்குள், அதாவது டாங்கிக்குள், ஆள் இறங்குமுன் விஷவாயு இருக்கிறதா என்று சோதிப்பது பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். சுகுமாறனுக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். "நீ போ லா" என்றார் நம்மவர்.

இரண்டு கட்டுரைகளையும் அவரே எழுதினார். பாராட்டத்தான் வேண்டும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதவில்லை. ஆனால் பழக்கதோஷம் விடுமா? ஆலைப் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை, இரண்டிலும் ஒவ்வொரு பத்தி முடிவிலும் "சோதித்தாயிற்று, ஓகே" என்று போட்டு வைத்திருந்தது.

விரிவுரையாளர் ஷர்மினி, அவரைவிடப் பத்து வயது இளையவர், இரண்டையும் மேசையில் வைத்தார்.

"ரெண்டையும் யாரு எழுதுனது அண்ணே?"

"நான்தான் மிஸ். காப்பி அடிக்கல. அவனுக்கு டைம் இல்ல, கவர் பண்ணேன். எங்க ஆலையில இது சாதாரணம்."

சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. ஷர்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சரி. நாளைக்கு சுகுமாறன் அண்ணன் இந்தப் பட்டத்தோட பாதுகாப்பு அதிகாரியாகி ஒரு டாங்கியச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறாரு. நீங்க உள்ள இறங்குவீங்களா?"

சுகுமாறன் உயிர் நண்பர்தான். ஆனால் வீட்டில் கேஸ் அடுப்பு பற்ற வைக்கவே மனைவியைக் கூப்பிடுகிறவர்.

"மாட்டேன் மிஸ்" என்றார் கனகராஜ். "ரெண்டுக்கும் முட்டை போடுங்க."

பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. விஷயம் தெரிந்ததும் சுகுமாறன் குதித்தார்.

"நீயெல்லாம் ஒரு நண்பனா?"

"கோவிச்சுக்கோ, பரவால்ல. ஆனா இந்தத் தடவை நீயே படிச்சு எழுது" என்றார் கனகராஜ். "நீ கையெழுத்துப் போட்டா நான் இறங்கணும்டா."