நான்கு இல்லாத வரிசை

தைவானில், கீலுங் மலைமேல் இருக்கும் அஸ்தி மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் மூஹுவோ. தினமும் விடியலில் அங்கே ஒலிபெருக்கியில் கேட்கும் அமிதாப புத்தரின் நாமம் அவர் மனைவி சூயுன் பாடியது. அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. குரல் மட்டும் அலுவலறை மூலையில் இருந்த சர்வருக்குள் இருந்தது. அதை விட்டால், பதிவு செய்த அன்று எழுதி வைத்த ஒரே ஒரு சிடி.

அன்று காலை நாமம் விக்கி விக்கி வந்தது. சர்வரைப் பழுதுபார்க்கும் பெய்லிங்குக்குப் போன் செய்தார்.

"மேல வச்ச பச்சைப் பொட்டலத்தத் தின்னுட்டீங்களாண்ணே? அதான் கோவிச்சுக்கிச்சு."

"நான் என்ன சின்னப் புள்ளையா? புதுசா மாத்தி வச்சேனே!"

இயந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று அதன் தலையில் நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைக்காதவர் ஊரில் இல்லை.

பெய்லிங் தன் இடத்திலிருந்தே கணினி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அஞ்சாவது டிஸ்க் செத்துப்போச்சு. ஒண்ணு போனா மத்தது தாங்கும், பயப்படாதீங்க. ரெண்டு போனாத்தான் எல்லாமே போச்சு. அஞ்சாவத உருவிட்டு, நான் குடுத்த புதுச மாட்டுங்க."

ஐந்து என்று சீட்டு ஒட்டியிருந்ததை மூஹுவோ உருவினார். உள்ளங்கையில் அது இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. நாமம் நின்றுபோயிற்று.

"அண்ணே, கடைசியா இருக்குறதத்தான எடுத்தீங்க?"

"இல்லியே. கடைசி ஆறு."

"மொத்தமே அஞ்சுதானேண்ணே. ஆறு எங்கேருந்து வந்துச்சு?"

மண்டபத்தில் மாடியிலும் சரி, பேழை வரிசையிலும் சரி, நாலு கிடையாது. அவர்கள் மொழியில் நாலும் சாவும் ஒன்றுபோல ஒலிக்கும்; சாவைக் கூப்பிடும் எண். ஆனால் டிஸ்க்குகளில் இந்தச் சீட்டுகளை ஒட்டியவர் மூஹுவோவேதான். சூயுன் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். நாலை எழுதக் கை வரவில்லை; மூன்றுக்கு அடுத்ததில் ஐந்து என்று ஒட்டிவிட்டார்.

திரும்பச் செருகியும் இயந்திரம் அதை ஏற்கவில்லை. மதியம் பெய்லிங் மழையில் நனைந்துகொண்டே வந்து வெகுநேரம் மல்லுக்கட்டியும் பலிக்கவில்லை.

"சிடி இருக்குன்னீங்களே?"

அது எழுதிய நாள் முதல் சர்வரின் சிடி தட்டிலேயே கிடந்தது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரவில்லை. பேப்பர் கிளிப்பை நிமிர்த்திச் சின்னத் துளையில் குத்தியதும் மெல்ல நீண்டது. சிடியை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். வெள்ளிப் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. அந்த ஓட்டைகளுக்குள் மழை தெரிந்தது.

"நான் ஓரத்துலேருந்து எண்ணச் சொல்லியிருக்கணும்ணே."

"நீ என்னம்மா பண்ணுவே. சாப்ட்டியா?"

மறுநாள் விடியலில் ஒலிபெருக்கி ஊமையாக இருந்தது. மூஹுவோ சூயுனின் பேழைமுன் மண்டியிட்டு நாமத்தைத் தானே தொடங்கினார். பதிவில் அவள் மூச்சு இழுக்கும் இடம் வந்தது. அவரும் நிறுத்தினார்.