ஹாம்பர்க் சட்டமும் கிள்ளான் பாதமும்

பன்னாட்டு நிறுவனத்தில் மனிதவள அதிகாரி வேலை என்பது, எங்கோ ஓர் ஊரில் போடும் சட்டத்தை நம் ஊர் ஆட்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் பதிலை நாகரிகமாக்கித் திருப்பி அனுப்புவது. எங்களுடையது மலேசியாவில், கிள்ளானில் மருத்துவமனைக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலை. தலைமையகம் ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரில். கொரோனா காலத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போடும்; அதை நான் அறிவிப்புப் பலகையில் ஒட்டி முடிப்பதற்குள் ஹாம்பர்க் இன்னொன்று போடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டு முழித்த சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

வெறுங்காகிதம்

நடமாட்டக் கட்டுப்பாட்டின் முதல் வாரம். அத்தியாவசியத் தொழில் என்பதால் எங்களுக்கு வேலைக்குப் போக அனுமதி உண்டு; கையில் நிறுவனத்தின் கடிதம் இருக்கவேண்டும். ஹாம்பர்க்கில் எல்லாம் கம்ப்யூட்டர் கையெழுத்துதான். அவர்கள் அனுப்பிய அழகான கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ராணி மாதிரி காரில் கிளம்பினேன்.

நெடுஞ்சாலையில் போலீஸ் தடுப்பு. நின்றவர் நம் ஆள்தான், வயது முப்பதுக்குள் இருக்கும். கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துணைத் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றேன். ரப்பர் முத்திரை குத்தாத காகிதத்தை இந்த நாட்டில் யாரும் மதித்ததில்லை என்பதை நானே மறந்துபோயிருந்தேன். ரொம்ப மரியாதையாக என்னைத் திருப்பி அனுப்பினார்.

"கையெழுத்து யாரு வேணும்னாலும் போடலாம் அக்கா. சாப் இருந்தாதானே லெட்டர்?"

நாற்காலி

சாப் குத்திய கடிதத்தோடு மறுநாள் போய்ச் சேர்ந்தால், ஹாம்பர்க்கிலிருந்து ஒரு படிவம் காத்திருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி ஊழியர்கள் அனைவரும் நிரப்பவேண்டும்: முதுகுக்குத் தோதான நாற்காலி உண்டா, மேசையில் வெளிச்சம் விழுகிறதா, தனிமையாக உணர்கிறீர்களா? மெஷினில் குழாய் வெட்டுகிறவர்களுமா என்று கேட்டேன். அனைவரும் என்றால் அனைவரும்தான் என்று பதில் வந்தது.

எங்கள் லைன் லீடர் சரோஜா அக்கா. ஜெஞ்சாரோமிலிருந்து கம்பெனி வேனில் வருவார். கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பள்ளிகள் மூடிக் கிடந்ததால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது இவர் வேலையால்தான். நான் கேள்விகளைத் தமிழில் படித்துக் காட்டினேன். மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசிவரை கேட்டார்.

"நாற்காலிய பக்கத்து வீட்டுல எரவல் வாங்கிக்கிறேன் ரீத்தா. மெஷின எந்த லோரியில அனுப்புறாங்கன்னு கேட்டுச் சொல்லு."

ஸ்டிக்கர்

அதற்குப்பின் சிரிப்பு நின்றது. ஆசியத் தொழிற்சாலைகளுக்குப் பொறுப்பாளர் ஹென்ரிக் நல்ல மனிதர், ஆனால் அளவுநாடாவோடு பிறந்தவர். அரசாங்கம் ஒரு மீட்டர் இடைவெளி போதும் என்றது. அவர் இரண்டு என்றார். வியாழக்கிழமை வீடியோவில் பார்ப்பாராம். சரியில்லை என்றால் எங்கள் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். போனால் சரோஜா அக்காவின் லைனையே மூடிவிடுவார்கள்.

நிற்கவேண்டிய இடத்தைக் காட்ட, தரையில் பாத ஸ்டிக்கர்கள் ஒட்டவேண்டும். கிள்ளானில் அச்சுக்கடை வைத்திருக்கும் முருகையாவுக்கு ஹாம்பர்க் அனுப்பிய படத்தை வாட்ஸ்அப்பில் தள்ளினேன். அது மங்கலாக இருந்ததாம். கோயில் திருவிழா பேனர்களே அடித்துப் பழகிய மனிதர், தொழிற்சாலையில் ஏதோ பூசை என்று நினைத்து, தன்னிடம் இருந்த பாதத்தையே போட்டுவிட்டார்: தாமரைப்பூவின் மேல் மஞ்சள் நிறத்தில் இரண்டு திருவடிகள். நான் செந்தூல் ரயில்வே குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண். பூவெல்லாம் போட்டிருக்கிறாரே என்று மகிழ்ந்து, புதன்கிழமை மாலை எல்லோரும் போனபின் முட்டி தேயத் தேய நானே ஒட்டினேன். நன்றி சொல்லப் போன் செய்தபோது முருகையா பெருமையாகச் சொன்னார்.

"நம்ம சரக்கு ஒட்டுனா ஒட்டுனதுதான் அக்கா. பத்து வருஷம் ஆனாலும் உரிக்க முடியாது!"

வியாழக்கிழமை

காலையில் பார்க்கிறேன், ஒருவர்கூடப் பாதத்தின்மேல் நிற்கவில்லை. எல்லோரும் இடதுபக்கம் ஒதுங்கி நிற்கிறார்கள். நேப்பாளத் தொழிலாளர்கள் குனிந்து தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முருகையா பொய் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு ஹென்ரிக் போனில் வந்தார். லைன் நெடுக நடந்து காட்டினேன். எதிர்பார்த்த இடத்தில் நிறுத்தினார். ஏன் யாரும் குறியின்மேல் நிற்கவில்லை? நான் வாய் திறப்பதற்குள் சரோஜா அக்கா தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "பாஸ், திஸ் ஒன் காட் லெக். ஹவ் கேன் ஸ்டெப்? எவ்ரிபடி மூவ் லெஃப்ட், கேப் சேம் சேம் லா!"

ஹென்ரிக் அளக்கச் சொன்னார். அளந்தோம். எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததால் இரண்டு மீட்டர் அப்படியே இருந்தது. மற்ற தொழிற்சாலைகளில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஆட்கள் ஒன்றாகக் கூடிவிடுகிறார்களாம். இங்கே பாதத்தைத் தாண்டிப் பக்கத்து ஆளிடம் போக யாருக்கும் மனம் வரவில்லை. ஹென்ரிக் சிரித்தார். ஆர்டர் கிள்ளானிலேயே இருக்கும் என்றார். போனை வைத்ததும் எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. சரோஜா அக்காவுக்கும் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் என்னை அதட்டினார்.

"அழாத ரீத்தா. மாஸ்க் நனைஞ்சா அதுக்கும் ஹாம்பர்க்ல ஒரு ஃபாரம் வச்சிருப்பாங்க."

ஏற்றுமதி

அடுத்த வாரம் ஹென்ரிக்கிடமிருந்து மின்னஞ்சல். கிள்ளான் ஸ்டிக்கரை மற்ற நாட்டுத் தொழிற்சாலைகளிலும் ஒட்டப்போகிறார்களாம், மூலப்படம் வேண்டுமாம். முருகையாவை அழைத்து, உங்கள் பாதம் ஜெர்மனிக்குப் போகிறது என்றேன்.

"ஜெர்மனியில எந்தக் கோயில் அக்கா? திருவிழா தேதி போடணுமா?"

கொரோனா போய், கட்டுப்பாடு போய், அந்த இரண்டு மீட்டரும் போய்விட்டது; முருகையாவின் பாதங்கள் மட்டும் உரியாமல் கிடக்க, போன மாதம் நேரில் வந்த ஹென்ரிக்கும் சரோஜா அக்கா முறைத்த முறைப்பில் அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.